பாலைவன விமானநிலையத்துக்கு ஒரு விசாரிப்பு

லண்டனில் கிங்ஸ்பரிப் பக்கத்தில் யாருடைய வீட்டிலாவது சம்பந்தம் பேசத் தொடங்கினால், சாதகக் குறிப்பு ஐயரிடம் போகும். மாப்பிள்ளையின் பெயரும் ஊரும் நகுலேஸ்வரியிடம் போகும். ஐயர் பத்துப் பொருத்தம் பார்த்துச் சொல்வார். மிச்சத்தை நகுலேஸ்வரி பார்ப்பாள்.

மிச்சம்தான் பெரிய சங்கதி. பையன் குடிப்பானா, முன்னொருத்தியோடு இருந்தானா, தமக்கைமார் புகுந்த வீடுகளில் ஒழுங்காக இருக்கிறார்களா, குடும்பத்தில் யாருக்காவது வலிப்போ வழக்கோ உண்டா என்பதையெல்லாம் அவள் சோபாவின் மூலையில் இருந்தபடியே அரை மணித்தியாலத்தில் எடுத்துவிடுவாள். அதற்கென்று தொலைபேசி இலக்கங்கள் எழுதிய ஒரு நீலக் கொப்பி வைத்திருந்தாள். பாரிஸ் என்றால் லாச்சப்பலில் ஒரு கடைக்காரர். கனடாவில் ஸ்காபரோ என்றால் பள்ளிக்கூடத் தோழி. வெள்ளவத்தைக்கு இரண்டு பேர், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சரிபார்க்க. 'எந்தப் பகுதி' என்ற கேள்வியும் இருந்தது. அதை ஊரைக் கேட்பது போலக் கேட்பாள். மறுமுனையும் ஊரைச் சொல்வது போலச் சொல்லும். கேட்டது சாதியை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

விசாரிப்பு முடிந்ததும் தீர்ப்பு வரும். அவளிடம் இரண்டே தீர்ப்புகள்தான். 'பிழையில்லை', அல்லது 'சரிவராது'. ஏன் சரிவராது என்று கேட்டால், "அதை விடுங்கோ" என்பாள். அந்த 'அதை விடுங்கோ'வுக்குள் என்னென்ன இருக்கும் என்பதைக் கேட்டவர்களே வீட்டுக்குப் போய் நிரப்பிக்கொள்வார்கள்.

இவ்வளவும் சேவை. ஒருவரிடமும் ஒரு தேத்தண்ணிக்கு மேல் வாங்கியதில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை பார்த்தவளின் சொந்த மகள் மேனுஷாவுக்கு முப்பத்தேழு முடிந்துவிட்டது. அதை நகுலேஸ்வரியின் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த விசாரிப்புக்கு யாரிடம் போவது?

முதுகுக்குப் பின்னால் மட்டும் சுஜீத்தின் கதையைச் சொன்னார்கள். பதினொரு வருடத்துக்கு முந்திய கதை. நல்ல பெடியன், நல்ல வேலை, மேனுஷா அவனோடு இரண்டு தடவை கோப்பிக் கடைக்கும் போய்வந்திருந்தாள். நகுலேஸ்வரி பாரிசுக்குத் தொலைபேசி எடுத்தாள். "பெடிக்குத் தலையில கொஞ்சம் சுகமில்லை அக்கா. ஒருக்கா ஆஸ்பத்திரியில வைச்சிருந்தவை" என்றது பாரிஸ். சரிவராது என்றாள். இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, பாரிஸ்காரரின் குடும்பத்துக்கும் சுஜீத் குடும்பத்துக்கும் ஊரில் வேலிச் சண்டை. ஒன்றரை அடி தள்ளிப் போட்ட வேலிக்காகப் பதினெட்டு வருடம் வழக்கு. அதற்குள் சுஜீத்துக்குக் கலியாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது. இப்போது ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறான். சனிக்கிழமைகளில் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்பான். "சுகமா அன்ரி?" என்று கேட்பான். அவனுக்கு ஒரு சுகக்குறைவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மேனுஷா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. விடியப் போவாள், பொழுதுபட வருவாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். அதன் பிறகு வந்த சம்பந்தம் எதையும் அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அப்படியிருந்தவள் போன ஒக்டோபரில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தாள்.

"அம்மா, அப்பா, ஒரு விஷயம். நான் ஒராளோட கதைச்சுக்கொண்டிருக்கிறன். ஏழு மாசமா."

குலசேகரம் இடியப்பத்தை வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார். நகுலேஸ்வரியின் கணவர், பெற்றோல் ஸ்ரேஷனில் முப்பது வருடம் நின்று ஓய்ந்தவர். வீட்டில் அவருக்குக் கிடைக்கிற பேச்சு நேரம் குறைவு என்பதால் கேள்விகளைச் சுருக்கமாக வைத்துக்கொள்வார்.

"தமிழனோ?"

"ஓம் அப்பா. பிரதாபன் எண்டு பேர். அவுஸ்திரேலியாவில."

"சிட்னியோ, மெல்பனோ?" நகுலேஸ்வரியின் மனம் அதற்குள் கொப்பியைப் புரட்டத் தொடங்கிவிட்டது.

"ரெண்டும் இல்லை. பேர்த்தில இருந்து பிளேனில ஒண்டரை மணித்தியாலம் உள்ளுக்க போகவேணும். பாலைவனம். அங்க மைன்ஸ் இருக்கு. மைன்ஸ் வேலைக்கு ரெண்டு கிழமைக்கொருக்கா வந்து போற ஆக்களை ஏத்தி இறக்கிற எயார்போட்டில வேலை."

"பைலட்டோ?" என்றார் குலசேகரம், கொஞ்சம் ஆசையோடு.

"இல்லை அப்பா. சாமான் ஏத்திறது, பெற்றோல் அடிக்கிறது, ரண்வேயில மாடு நிண்டாக் கலைக்கிறது, எல்லாம்."

"மாடோ?"

"மாடு, கங்காரு, எமு. எது வந்தாலும்."

"பெற்றோல் அடிக்கிறது நல்ல வேலைதானே" என்றார் குலசேகரம்.

"மாடு கலைக்கிறதுக்கு எயார்போட் எண்டொரு பேர்" என்றாள் நகுலேஸ்வரி.

மேனுஷா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து எவ்வளவு காலம் என்று இருவரும் கணக்குப் பார்ப்பதற்குள் தொலைபேசியை எடுத்துக் காட்டினாள். அந்த ஊர் கவுன்சிலின் இணையப் பக்கம். சிவப்பு மண், அதன் நடுவே கோடு கிழித்தாற்போல ஒரு ஓடுபாதை, தகரக் கூரை போட்ட கட்டடம். அதற்குக் கீழே, வருகிற விமானம், போகிற விமானம் என்று சின்னப் பட்டியல். பட்டியல் என்று சொல்ல ஒன்றுமில்லை. முன்பு நாளுக்கு ஆறு விமானம் வந்ததாம். இரண்டு சுரங்கங்களை மூடிய பிறகு ஒன்றுதான். பின்னேரம் மூன்று நாற்பதுக்கு.

"இதில 'எக்ஸ்பெக்டட்' எண்டு கிடக்குதெல்லே? பிளேன் இறங்கினா 'லேண்டட்' எண்டு மாறும். கொம்பியூட்டர் தானா மாத்துறேல்லை. ஆக்களை இறக்கி, பாக்கெல்லாம் குடுத்து முடிச்சிட்டு, அவர்தான் வந்து கையால மாத்துறவர். இங்க விடிய ஏழு நாப்பது, ஏழு ஐம்பது இருக்கும். எனக்கு அதுதான் குட் மோர்னிங்."

நகுலேஸ்வரி அந்தச் சிவப்பு மண்ணைப் பார்த்தாள். ஒரு கடை இல்லை, கோயில் இல்லை, விசாரிக்க ஒரு தமிழ்க் குடும்பம் இல்லை.

"எப்படி அங்க போய்ச் சேர்ந்தவர்?"

"படகில வந்தவர், ரெண்டாயிரத்துப் பன்னிரண்டில. பிடிச்சுப் பிளேனில ஏத்தி, அந்தப் பாலைவனத்தில இருந்த தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனவை. இந்த ரண்வேயிலதான் இறக்கினவையாம். வெளியில விட்டாப் பிறகு மற்றவை எல்லாம் சிட்னிக்குப் போக, இவர் திரும்ப அங்கயே போயிட்டார். இப்பதான் பேப்பர்ஸ் எல்லாம் சரியா வந்தது. ஏப்ரலில லண்டன் வாறார். வந்தாப் பிறகு ரெஜிஸ்டர் பண்ணுவம் எண்டு யோசிக்கிறம்."

"படகிலயோ?" என்று நகுலேஸ்வரி உதட்டைச் சுழித்தாள். தொண்ணூற்றொன்றில் தான் எல்லை கடந்தது லொறியில், முட்டைக்கோவா மூட்டைகளுக்கு நடுவே, மூன்று நாள் என்பது அந்த நேரம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

மேனுஷா தொலைபேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள். "அம்மா, ஒண்டு கேக்கிறன். இந்தமுறை விசாரிக்கக் கூடாது."

"நான் ஏன் விசாரிக்கப் போறன்? அங்க ஆரிட்ட விசாரிக்கிறது, கங்காருவிட்டயோ?"

"என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

"விசர்க் கதை கதையாதை பிள்ளை."

"அடியுங்கோ அம்மா. இதுவும் குழம்பினா நான் இனி ஒருத்தரையும் பாக்க மாட்டன்."

குலசேகரம் இடியப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகுலேஸ்வரி மகளின் உச்சந்தலையில் கையை வைத்தாள். நரைத்த மயிர் இரண்டொன்று விரலுக்குக் கீழே தெரிந்தது. "விசாரிக்க மாட்டன்" என்றாள்.

நான்கு மாதம் பொறுத்தாள். அவளைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்; ஆனாலும் உண்மை. பேச்சு வெளியே போனதும் எதிர்வீட்டு ராஜிதான் முதலில் வந்தாள், பால் வாங்க மறந்துவிட்டதாக ஒரு சாட்டோடு.

"மேனுவுக்குச் சரிவந்திட்டுதாமே அக்கா. விசாரிச்சனியள்தானே?"

"விசாரியாம விடுவனோ?"

"அப்ப பிழையில்லை?"

"பிழையில்லை."

முப்பது வருடத்தில் விசாரிக்காமல் சொன்ன முதல் 'பிழையில்லை' அது. ராஜி பாலை மறந்து போய்விட்டாள். நகுலேஸ்வரிக்கோ அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் தோண்டித் துருவிப் பார்த்துக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தகரக் கொட்டகைக்குக் கொடுப்பதா? கொப்பியை எடுத்தாள். பேர்த்தில் ஒரேயொரு இலக்கம் இருந்தது. அந்த மனிதர் செத்து ஆறு வருடம்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாத மாதிரி வானம், ஜன்னலில் மழை. மேனுஷா ஆறரைக்கே வேலைக்குப் போய்விட்டாள். குலசேகரம் மேலே சவரம் செய்யும் சத்தம் கேட்டது. நகுலேஸ்வரி அந்தக் கவுன்சில் பக்கத்தைத் திறந்து அடிவரைக்கும் போனாள். எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், விமானநிலையத்தின் தொலைபேசி இலக்கம் கிடந்தது. ஏழு மணி ஐந்து நிமிடம். விமானம் வர அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. கட்டாயம் ஆள் இருக்கும். யாரோ ஒரு வெள்ளைக்கார மனேஜர் எடுப்பார், வேலை இடத்துப் பேச்சுப் போல நாலு கேள்வி கேட்டு வைத்துவிடலாம். இது விசாரிப்புக் கணக்கில் வராது என்று தனக்குத்தானே ஒரு சட்டமும் இயற்றிக்கொண்டாள்.

நாலாவது மணியடிப்பில் எடுத்தார்கள். ஒரு ஆண் குரல். பின்னால் காற்று உறுமியது. விமானநிலையத்தின் பெயரைச் சொல்லி, வணக்கம் சொன்னது.

நகுலேஸ்வரியின் ஆங்கிலம் தபாற்கந்தோர்க் கவுண்டரில் இருபத்தாறு வருடம் அரைபட்ட ஆங்கிலம். தயக்கமில்லாமல் வரும். தன்னோடு கவுண்டரில் இருந்த பெர்னடெற்றின் பெயரை எடுத்துக்கொண்டாள். "நான் லண்டனில் இருந்து பேசுகிறேன். மிஸிஸ் பெர்னடெற். ஒரு கொம்பனி. உங்களிடம் வேலை செய்யும் பிரதாபன் என்பவரைப் பற்றி ஒரு ரெபரன்ஸ் தேவை."

காற்று உறுமியது. "கேளுங்கள் மேடம்" என்றது குரல்.

"எத்தனை வருடம் வேலை செய்கிறார்?"

"எட்டு வருடம்."

"நேரத்துக்கு வருவாரா?"

"இங்கே நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை மேடம். வருவார்."

"குடிப்பாரா?"

"இங்கே விமானம் ஏற வருகிற எல்லோரும் குழாயில் ஊதிக் காட்டவேண்டும். வேலை செய்கிறவர்களும்தான். அவர் ஊதி ஒருநாளும் ஒன்றும் காட்டியதில்லை."

"பெண்கள் யாரும்?"

"லண்டனில் ஒருவர் இருப்பதாகச் சொல்வார். அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசுவார்."

நகுலேஸ்வரிக்கு உள்ளே குளிர்ந்தது. இந்த வெள்ளைக்காரன் நல்ல மனிதனாக இருக்கிறான், ஆங்கிலம் மட்டும் வெள்ளைக்கார ஆங்கிலமாக இல்லை, அங்கே எல்லாச் சாதி சனமும் இருக்கும்தானே என்று நினைத்தாள். நினைத்த வேகத்தில் வழக்கமான கேள்வியும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"யாழ்ப்பாணத்தில் எந்தப் பகுதி?"

எங்கோ தகரம் ஒன்று அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. அந்த இடத்தில் வேறு யாராயிருந்தாலும் தொலைபேசியை வைத்துவிட்டிருப்பார்கள். நகுலேஸ்வரியும் வைத்திருக்கலாம். ஆனால் விசாரிப்பின் நடுவே இருந்து அவள் ஒருநாளும் எழும்பியதில்லை.

"இங்கே யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை மேடம்" என்றது குரல் மெதுவாக.

"சரி, விடுங்கள். உடம்பு சுகமாக இருக்கிறாரா?"

"உடம்புக்கு ஒரு குறையும் இல்லை."

உடம்புக்கு என்று அழுத்தினால் வேறெதற்கோ குறை இருக்கிறது. இது தெரியாமலா முப்பது வருடம் இந்த வேலை பார்த்தாள்? "மனத்துக்கு?" என்று கேட்டாள்.

அவன் பதில் சொல்ல எடுத்த நேரத்தில் மேலே குலசேகரம் தண்ணீரைத் திறந்து மூடினார்.

"சொல்கிறேன். உங்கள் கொம்பனிக்குத் தெரிந்திருப்பது நல்லது" என்றான். "முகாமில் இருந்து வெளியே விட்டபோது அவருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. இந்த நாட்டில் அவர் பார்த்திருந்த ஒரே இடம் இந்த ஊர்தான். அதனால் இங்கேயே வந்தார். ஒருநாள் பின்னேரம் வேலிக்கு அடியால் புகுந்து, ஓடுபாதையின் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டார். விமானம் வருகிற நேரம். விமானி கண்டுவிட்டார், இறங்காமல் மேலே எழுப்பிவிட்டார். அப்போது இந்த இடத்தை நடத்தியவர் ஒரு வயதான பெண். ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். எழும்பு என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்துகொண்டார். பிறகு பேர்த்தில் நாலு மாதம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்ததும் அந்தப் பெண்தான் வேலை கொடுத்தார். ஒவ்வொரு நாளும் விமானம் வருவதற்கு முன் ஓடுபாதையை முழுக்க ஓட்டிப் பார்த்து, அதில் ஒன்றும் கிடக்கவில்லை என்று சொல்லவேண்டும். அந்த வேலை. எட்டு வருடமாகச் செய்கிறார். மருந்தும் எடுக்கிறார்."

நகுலேஸ்வரி கையில் பேனா இருந்தது. கொப்பி மடியில் திறந்திருந்தது. ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும், முப்பது வருடம் அவள் கை எப்படி எழுதியதோ அப்படியே எழுதியது, வாய் எப்படிச் சொன்னதோ அப்படியே சொன்னது. ஆங்கிலத்தில் இல்லை. தமிழில், தனக்குள் சொல்வது போல, ஆனால் வாய்க்கு நேரே பிடித்திருந்த தொலைபேசிக்குள்.

"சரிவராது."

காற்று உறுமியது. தகரம் ஒருமுறை அடித்தது.

"ஓம் மாமி" என்றது குரல், தமிழில்.

இதுவரை ஒரு மருமகனும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"பிளேன் வாற நேரமாகுது. நான் ஒருக்கா ரண்வேயைப் பாக்கவேணும். வைக்கிறன், என்ன."

வைத்துவிட்டான். கோபமாக வைத்த சத்தம்கூட இல்லை.

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். எக்ஸ்பெக்டட், எக்ஸ்பெக்டட். ஏழு ஐம்பத்தொன்றுக்கு 'லேண்டட்' என்று மாறியது. மாறியதும்தான் மூச்சு விட்டாள்.

குலசேகரம் காதோரம் சவர்க்கார நுரையோடு இறங்கி வந்தார். "ஆரோட கதைச்சனீர்?"

"பல் டாக்குத்தரோட."

"விடிய ஏழு மணிக்கோ?"

"அவசர அப்பொயின்ட்மென்ட்."

அவர் அவள் மடியில் கிடந்த நீலக் கொப்பியைப் பார்த்தார். குசினிக்குள் போனார். கேத்திலைப் போட்டார். திரும்பி வந்து வாசலில் நின்று, "பிள்ளையின்ர தலையிலயெல்லே அடிச்சனீர்" என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் குடையில்லாமல் வெளியே போய்விட்டார்.

அடுத்தநாள் அதே நேரத்துக்கு எடுத்தாள். என்ன சொல்வது என்று முழுக்க யோசித்து வைத்திருந்தாள். 'தம்பி, அது வாய்தவறி வந்தது' என்று தொடங்குவதாக ஏற்பாடு. மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாம் நாள் ஒரு பெண் எடுத்தாள். பிரதாப் விடுமுறையில் போய்விட்டான், திங்கட்கிழமைதான் வருவான், ஏதாவது சொல்லவேண்டுமா என்றாள். நகுலேஸ்வரி ஒன்றுமில்லை என்று வைத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் மேனுஷா குசினிக்குள் வந்து குளிர்ப்பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றாள். அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது.

"ஏப்ரலில வரேல்லையாம்."

"ஏனாம்?" நகுலேஸ்வரி திரும்பவில்லை.

"வேலையாம். மற்ற மைனும் மூடப் போகினமாம். எயார்போட்டை விட்டிட்டு வர ஏலாதாம். நான் வாறன் எண்டன். வேண்டாமாம். இதை இதோட விடுவம் எண்டு மெசேஜ் போட்டிட்டார். போன் எடுக்கிறாரில்லை." அவள் குரல் தட்டையாக இருந்தது. "அது பொய் அம்மா. அந்தாளுக்குப் பொய் சொல்லவும் தெரியாது."

நகுலேஸ்வரி அடுப்பைக் குறைத்தாள். பிறகு கூட்டினாள்.

"உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை நான். அவருக்கு முந்தி சுகமில்லாம இருந்தது. ஹொஸ்பிட்டலில இருந்தவர். எனக்கு ரெண்டாவது கிழமையே எல்லாம் சொன்னவர், ஒண்டும் விடாம. நான்தான் வீட்டில சொல்லவேண்டாம் எண்டனான்."

"ஏன்?"

"ஏனோ? நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியாதே?"

மூடியின் விளிம்பால் ஆவி சீறியது. வாசலில் குலசேகரம் வந்து நின்றார். நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"ஆரோ ஏதோ சொல்லியிருக்கினம்" என்றாள் மேனுஷா. "ஆரெண்டு மெசேஜில கேட்டன். ஒருத்தரும் இல்லை, தானா எடுத்த முடிவு எண்டார். அம்மா, நீங்கள் விசாரிக்கேல்லைத்தானே?"

அவன் சொல்லவில்லை. நகுலேஸ்வரிக்கு அது விளங்கியது. ஒரு சொல் போதும், 'உங்கட அம்மா எடுத்தவ' என்று. தாயையும் மகளையும் கொளுத்திவிட்டுத் தான் நல்லவனாக நிற்கலாம். கொப்பியில் உள்ள அத்தனை பேரும் அதைத்தான் செய்திருப்பார்கள்; அவளும் செய்திருப்பாள். ஒரு கதை காதில் விழுந்து நாலு நாள் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிற ஒரு ஆம்பிளையை முப்பது வருட விசாரிப்பில் அவள் கண்டதில்லை. இப்போது கண்டுவிட்டாள்.

நான்தான் எடுத்தேன் என்று சொன்னால், மேனுஷா விமானநிலையத்துக்கு எடுத்து, அங்கே தொலைபேசி எடுக்கிற அந்தப் பெண்ணிடமாவது தகவல் வைப்பாள். பேர்த்துக்கு விமானம் எடுப்பாள். ஒருவேளை சரிவரும். சொன்னால் அந்தத் தலையில் வைத்த கை என்னாவது? மகள் இனி இந்தக் குசினிக்குள் வந்து சாய்ந்து நிற்பாளா?

"இல்லை பிள்ளை" என்றாள். "உன்ர தலையில அடிச்சனான் எல்லோ."

குலசேகரம் வாசலைவிட்டுப் போனார். அன்றைக்குப் புட்டை ஒருவரும் தொடவில்லை.

ராஜிக்குச் செய்தி எப்படிப் போயிற்றோ தெரியாது. செவ்வாய்க்கிழமை வந்து நின்றாள். "என்னக்கா, சரிவரேல்லையாம்? நீங்கள் பிழையில்லை எண்டனியள்?"

"அதை விடுங்கோ" என்றாள் நகுலேஸ்வரி. வேறு என்ன சொல்வது?

ராஜி விட்டால்தானே. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், அந்தப் பாலைவனத்து மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு பெண்சாதியும் பிள்ளைகளும் இருப்பதாகக் கதை வந்தது. அதற்கடுத்த கிழமை அது நகரத்தின் மறுகோடியில் குட்மேய்ஸ் வரைக்கும் போய், பிள்ளைகள் மூன்றாகித் திரும்பி வந்தது. நகுலேஸ்வரி மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையான காரணத்தைக் கேட்பார்கள். தனக்காக ஒரு சொல்லும் சொல்லாத ஒருவனைப் பற்றி வடக்கு லண்டனிலும் கிழக்கு லண்டனிலும் இத்தனை பேர் பேசினார்கள். அவனுக்காகப் பேச வேண்டியவள் மட்டும் நீலக் கொப்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "எனக்கு இப்ப காது வடிவாக் கேக்கிறேல்லை" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள்.

காலையில் எழும்பியதும் அந்தப் பக்கத்தைத் திறப்பது மட்டும் பழக்கமாகிவிட்டது. வேலைக்குத் திரும்பியிருப்பான் என்று கணக்குப் போட்ட திங்கட்கிழமையில் தொடங்கியது. மேனுஷா வேலைக்குப் போன பிறகு சோபாவின் அதே மூலையில் இருந்து பார்ப்பாள். ஏழு நாற்பத்தெட்டு, லேண்டட். ஏழு ஐம்பத்தைந்து, லேண்டட். ஓடுபாதையில் இன்றைக்கும் ஒன்றும் கிடக்கவில்லை. எழும்பிப் போய்க் கேத்திலைப் போடுவாள். மார்ச் கடைசியில் கோடைகாலத்துக்காக இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். விமானம் எட்டு நாற்பதுக்கு வரத் தொடங்கியது.

அவன் லண்டன் வருவதாக இருந்த அதே கிழமை, ஏப்ரலில் ஒரு வியாழன். மேனுஷா அந்த நாட்களுக்கென்று முன்பே லீவு எடுத்திருந்தாள், அதை மாற்றவில்லை. மேலே அறையில் இருந்தாள். பெப்ரவரிக்குப் பிறகு அவள் வாயில் இருந்து அந்தப் பெயர் வரவில்லை.

எட்டு நாற்பது. எக்ஸ்பெக்டட்.

ஒன்பது. எக்ஸ்பெக்டட். நகுலேஸ்வரி பக்கத்தை மூடித் திறந்தாள். இணையம் சரியில்லையோ என்று குலசேகரத்தின் தொலைபேசியை வாங்கிப் பார்த்தாள். "என்ன பாக்கிறீர்?" என்றார் அவர். "மழை வருமோ எண்டு" என்றாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

ஒன்பதரை. எக்ஸ்பெக்டட்.

மழையோடு மழையாக வேறொரு சத்தமும் அப்போதுதான் காதில் பட்டது. தலைக்கு மேலே காலடி. கட்டிலில் இருந்து ஜன்னலுக்கு. ஜன்னலில் இருந்து கட்டிலுக்கு. நிற்கும். திரும்ப நடக்கும். நெடுநேரமாக நடந்துகொண்டிருக்க வேண்டும்.

நகுலேஸ்வரி கூரையைப் பார்த்தாள். குலசேகரம் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் ஒரே வீட்டுக்குள்ளே, ஒரே விமானத்துக்குக் காத்திருந்தார்கள். ஒருவரையொருவர் கேட்க வழியில்லை.

பத்து மணி இருபத்திரண்டு. சொல் மாறியது. லேண்டட். ஏன் பிந்தியது என்று ஒரு குறிப்பும் இல்லை. தூசிப்புயலோ, மாடோ, வேறெதுவோ.

மேலே காலடி நின்றது. கட்டில் ஒருமுறை முனகியது.

நகுலேஸ்வரி தேத்தண்ணி ஊற்றினாள், சீனி ஒன்றரைக் கரண்டி, மேனுஷாவுக்குப் பிடித்தபடி. மாடிப்படியில் ஏறினாள். நாலாவது படியில் நின்றாள். மேலே போய்க் கதவைத் தட்டினால் மகளின் முகத்தைப் பார்க்கவேண்டும்; பார்த்தால் 'வந்திட்டுதாம்' என்று வாய் சொல்லிவிடும். அதற்குப் பிறகு மிச்சத்தையும் சொல்லவேண்டி வரும். பதின்மூன்று படி. கோப்பையின் சூடு விரலைச் சுட்டது.

"மேனு, தேத்தண்ணி" என்றாள், அங்கேயே நின்றபடி.

கதவு திறக்கவில்லை.

"வைச்சிட்டுப் போங்கோ அம்மா."

கோப்பையைப் படியில் வைத்தாள். இறங்கி வந்து சோபாவின் மூலையில் இருந்தாள். மத்தியானம் குலசேகரம் மேலே போகும்போது அது அதே படியில், மேலே ஆடை படிந்து, ஆறிப்போய்க் கிடந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார்.